சோமாசிக்கு விசா இல்லை

சிங்கப்பூர்
தீபாவளிக்கு முந்தின வாரம்

பெரம்பலூர்ப் பெரியம்மாவுக்கும் ஜெயங்கொண்டத்து அத்தைக்கும் உங்கள் பிள்ளை எழுதிக்கொண்டது.

இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே கடிதமா என்று யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டாம். அரசாங்கம் 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூரைப் பிரித்தது. 2001இல் பெரம்பலூரிலிருந்து, அத்தையின் ஜெயங்கொண்டம் இருக்கும் அரியலூரைப் பிரித்தது. 2002இல் இரண்டையும் சேர்த்தது. 2007இல் மறுபடியும் பிரித்தது. சிங்கப்பூரில் இந்த வம்பே கிடையாது. சிராங்கூன் சாலையில் யாராவது ஊர் கேட்டால் இரண்டு மாவட்டத்தாரும் "திருச்சிப் பக்கம்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுகிறார்கள். இவர் பெரம்பலூரா அரியலூரா என்பது தெரியவருவது, ஊருக்குப் போய்த் திரும்பியவர் பெட்டியைத் திறக்கும்போதுதான். மேலே முந்திரி இருந்தால் அரியலூர், சின்ன வெங்காயம் இருந்தால் பெரம்பலூர்.

பெட்டி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பெரம்பலூர் மாவட்டத் தலைநகர்தான், ஆனால் ஊருக்குள் ரயில் கிடையாது. ரயிலைப் பார்க்க அரியலூருக்கு ஓட வேண்டும். விமானம் அப்படியில்லை. நெடுஞ்சாலையைப் பிடித்துத் திருச்சி போய் ஏறி உட்கார்ந்தால் நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர். அத்தை ஊருக்குப் பக்கத்தில் கங்கைகொண்ட சோழபுரத்தில் இருந்துகொண்டு ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் இதே திசையில்தான் கடாரத்துக்குக் கப்பல் அனுப்பினான். அவனுடைய ஆட்களிடம் யாரும் எத்தனை கிலோ என்று கேட்டிருக்க மாட்டார்கள். இப்போது கேட்கிறார்கள். கைப்பைக்கு ஒரு கணக்கு, பெட்டிக்கு ஒரு கணக்கு, மீறினால் கிலோவுக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம். அதனால் திருச்சி விமான நிலையத்தில் தீபாவளிக்கு முன்னால் ஒரு காட்சி வழக்கமாக உண்டு. எடை மேடைக்குப் பக்கத்தில் குடும்பத்தோடு தரையில் உட்கார்ந்து, பெட்டியைப் பிரித்து, முறுக்கு டின்னைக் கைப்பைக்கும் கைலியைப் பெட்டிக்கும் மாற்றி மாற்றி வைப்பார்கள். எடை எப்படியோ சரியாகிவிடும். முறுக்குதான் சிங்கப்பூர் வந்துசேரும்போது பாதி தூளாகியிருக்கும்.

முறுக்கு தூளாவது சின்ன விஷயம். சோமாசியின் கதை போலீஸ் வரைக்கும் போகக்கூடியது.

பெரியம்மா சோமாசிக்குப் பூரணம் எப்படிப் பண்ணுவார் என்பது ஊருக்கே தெரியும். வறுத்துப் பொடித்த பொட்டுக்கடலை, சர்க்கரை, ஏலக்காய், துருவிய கொப்பரை, கடைசியில் வறுத்த கசகசா ஒரு கை. இதில் கொப்பரை விமானத்துக்கு ஆகாது. ஆபத்தான சரக்குகளுக்கு ஐ.நா. வைத்திருக்கும் பட்டியலில் கொப்பரைக்கு 1363 என்று தனி எண்ணே இருக்கிறது. தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். எண்ணெய்ப் பசையுள்ள காய்ந்த தேங்காய் குவியலாகக் கிடந்தால் உள்ளுக்குள் சூடு கட்டும் என்பது உண்மைதான். ஆனாலும் சட்னிக்குத் துருவுகிற சாமான் வெடிமருந்தோடு ஒரே பட்டியலில் உட்கார்ந்திருப்பதை ஜீரணிக்க ஊர்க்காரர்களுக்குக் கொஞ்ச நாள் ஆகிறது.

கசகசா அதைவிட மோசம். அது அபின் செடியின் விதை. விதைக்குள் போதை கிடையாது, ஆனால் காயின் பால் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தியாவில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய இடங்களில் அரசு உரிமத்தோடு அந்தச் செடியை வளர்க்கிறார்கள், விதை மளிகைக் கடைக்கு வருகிறது, நாம் குருமாவில் அரைத்து ஊற்றுகிறோம். சிங்கப்பூரில் அது மத்தியப் போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் கண்காணிப்பில் இருக்கும் தடைப்பொருள். போதைப்பொருள் விஷயத்தில் இந்த நாட்டுக்காரர்களோடு யாரும் விளையாடுவதில்லை. லப்பைக்குடிக்காட்டிலிருந்தும் வி.களத்தூரிலிருந்தும் வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஐக்கிய அரபு அமீரகத்திலும் கசகசாவுக்குத் தடை இருப்பதால், பிரியாணி மசாலாவைக்கூட ஒரு முறை கிளறிப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் வைப்பார்கள். நம் நிலைமையாவது பரவாயில்லை. மராத்திக்காரர்கள் அதிரசம் மாதிரியே தீபாவளிக்கு 'அனாரசே' செய்கிறார்கள். அதற்கு ஒரு பக்கம் முழுக்கக் கசகசாவை ஒட்டித்தான் எண்ணெயில் போடுவது வழக்கம். அவர்கள் எங்கே போய் முட்டிக்கொள்வார்கள்?

ஆக, சிங்கப்பூர் வந்த சோமாசி இரண்டு உறுப்பை இழந்த சோமாசி. கசகசாவுக்குப் பதில் வெள்ளை எள். கொப்பரைக்குப் பதில், தேக்கா சந்தையில் துருவி விற்கும் பச்சைத் தேங்காயை எண்ணெய் விடாமல் வாணலியில் ஈரம் போக வறுத்துக்கொள்வது. ருசிக்குக் குறைவில்லை. ஆனால் ஊரில் மூன்று வாரம் கிடக்கிற சோமாசி இங்கே சில நாளில் சிக்கு வாடை அடிக்க ஆரம்பித்துவிடும். சீக்கிரம் தின்றுவிடுங்கள் என்று சொல்லிக் கொடுக்க அது ஒரு சாக்கு.

அதிரசம் வேறு மாதிரியான வழக்கு. அதற்குச் சட்டம் தடையில்லை, மாவுதான் தடை. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் திங்களும் வெள்ளியும் நடை திறக்கும்போது, பெண்கள் அங்கேயே அரிசியை ஊறவைத்து உரலில் இடித்து வெல்லம் கலந்து மாவிளக்குப் போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஈர மாவு என்றால் என்ன என்று நம் பக்கத்துப் பெண்களின் உள்ளங்கைக்குத் தெரியும். சிங்கப்பூர்க் கடையில் கிடைப்பதோ தாய்லாந்து அரிசி மாவு. முகப்பவுடர் மாதிரி நைசாக, காய்ந்து கிடக்கும். அதைப் பாகில் கொட்டி அதிரசம் தட்டினால் எண்ணெயில் போட்ட மாத்திரத்தில் பிரிந்து, சட்டி முழுக்க மணல் மாதிரி பரவிவிடும். அதற்குப் பக்கத்திலேயே, பார்ப்பதற்கு அதே போன்ற பொட்டலத்தில், பசையரிசி மாவும் அடுக்கியிருப்பார்கள். அவசரத்தில் அதை எடுத்து முறுக்குப் பிழிந்த வீடுகளும் உண்டு. முறுக்கு எண்ணெய்க்குள் உப்பிப் படார் என்று வெடிக்கும்.

அதனால் அதிரசம் வேண்டும் என்கிற குடும்பம் பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, வேட்டியை விரித்து நிழலில் ஆறப்போட்டு, தொட்டால் ஈரம் ஒட்டுகிற பதத்தில் மிக்சியில் அரைத்துச் சலிக்கிறது. அடுக்குமாடி வீட்டில் நிழலுக்குப் பஞ்சமில்லை. அடுத்தது பாகு. கொதிக்கிற பாகில் ஒரு சொட்டைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டு விரலால் கூட்டினால் உருண்டையாகத் திரள வேண்டும், அழுத்தினால் நசுங்கவும் வேண்டும். வெள்ளைக்காரர்களுடைய மிட்டாய்ச் சமையல் புத்தகங்களில் இதே பதத்துக்கு 112 முதல் 116 டிகிரி செல்சியஸ் என்று எழுதி, வெப்பமானி வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள். நம் வீடுகளில் வெப்பமானிக்குப் பதில் வீடியோ அழைப்பு. சிங்கப்பூரில் இரவு பத்து மணி, ஊரில் ஏழரை. அடுப்புக்கு மேலே கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு மருமகள் நிற்பாள், பெரம்பலூரிலிருந்து "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்று குரல் வரும். "இறக்கு!" என்கிற சொல் மட்டும் இணையத்தில் எங்கோ சிக்கி, மூன்று விநாடி பிந்தி வந்துசேரும். பாகு விஷயத்தில் மூன்று விநாடி என்பது நீண்ட காலம். அந்த வருஷம் அதிரசத்துக்குப் பதில் கமர்கட் கிடைக்கும்.

அப்படித் தப்பிப் பிழைத்த அதிரசத்தை மலாய்க்கார வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தால், அவர்கள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எங்கள் டெண்டரம் அல்லவா?" என்பார்கள். அரிசி மாவும் பனைவெல்லமும் பிசைந்து, நடுவில் ஓட்டை போட்டு எண்ணெயில் சுடும் பலகாரம் அது. ஓட்டையைத் தவிர வித்தியாசம் பெரிதாக இல்லை. கட்டட வேலையில் கூட நிற்கும் வங்காளதேசத்துக்காரரிடம் நீட்டினால் அவர் "தேலேர் பிட்டா" என்று பெயர் வைக்கிறார். அங்கேயும் அரிசி மாவு, வெல்லம், எண்ணெய். நம் ஊரில் மட்டும்தான் இந்தப் புத்தி தோன்றியது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது சின்ன அடி.

இனி அடுப்பங்கரை. ஊரில் பலகாரம் சுடுவது கொல்லைப்புற வேலை. மூன்று கல், விறகு, பெரிய இருப்புச்சட்டி, சுற்றி நாலு பெண்கள், நாலு வீட்டுச் செய்தி. சிங்கப்பூரில் குடியிருப்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் அளவில் வீவக வீடுகளில், அதாவது அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். அங்கே கொல்லை கிடையாது, வாசல் நடைபாதை உண்டு. அதிலும் 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும் என்பது தீயணைப்புத் துறை விதி. அடுப்பை வெளியே வைக்கும் எண்ணத்தை அத்தோடு மறந்துவிடலாம். 2018 ஜூன் முதல் புது வீடுகளில் புகை கண்டால் அலறும் கருவியும் கட்டாயம். முறுக்கு வேகிற பக்குவத்தைச் சொல்ல ஊரில் பெரியவர்கள் இருந்தார்கள். இங்கே எண்ணெய் ஒரு பொட்டு அதிகமாகக் காய்ந்தால் கூரையே கூவுகிறது. சமையலறைக் கதவைச் சாத்து, சன்னலைத் திற, விசிறியைப் போடு என்று வீட்டில் ஒருவர் இதற்காகவே வேலை பார்க்கிறார். பெரும்பாலும் அது வீட்டுக்காரர்.

சுட்டு முடித்தாலும் கதை முடிவதில்லை. இந்த ஊர் நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரி வடக்கே இருக்கிறது. வருஷம் முழுக்கக் காற்றில் ஈரம் சராசரியாக எண்பது சதவீதம் அளவில் இருக்கும். பெரம்பலூரின் வறண்ட காற்றில் மூங்கில் தட்டில் திறந்து வைத்தாலும் மொறுமொறுவென்று இருக்கும் முறுக்கு, இங்கே ஒரு தொலைக்காட்சித் தொடர் முடிவதற்குள் நமத்துப் போகும். இதற்கு இந்த நாடு கண்டுபிடித்த மருந்து சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் ஜாடி. சீனப் புத்தாண்டுக்கு அன்னாசி டார்ட், நோன்புப் பெருநாளுக்குக் குவே, தீபாவளிக்கு முறுக்கு எல்லாம் ஒரே ஜாடியில். மூடிக்குச் சுற்றி ஒட்டுநாடா வேறு. சிங்கப்பூரில் இனம், மதம், மொழி பார்க்காமல் எல்லார் வீட்டிலும் இருப்பது எது என்று கேட்டால் தயங்காமல் இந்த ஜாடியைக் காட்டலாம்.

ஜாடி எல்லார் வீட்டுக்கும் போவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மக்கள்தொகையில் சீனர் முக்கால் பங்கு, மலாய்க்காரர் பதின்மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல், இந்தியர் ஒன்பது சதவீதம். அவரவர் ஒரு மூலையில் ஒதுங்கிவிடக் கூடாது என்று 1989இல் அரசு ஒரு விதி போட்டது. ஒவ்வொரு வீவக அடுக்குமாடியிலும் ஒவ்வொரு இனத்துக்கும் இத்தனை பங்குக்கு மேல் வீடு இல்லை. அதனால் நம்மூர்க்காரர் கதவைத் திறந்தால் எதிரே ஒரு சீனப் பாட்டி, பக்கத்தில் ஒரு மலாய்க் குடும்பம் என்றுதான் அமைகிறது. ஊரில் பலகாரத் தட்டு போகிற வீடுகளிலும் அதே பலகாரம்தான் சுட்டிருப்பார்கள். நம் முறுக்கைக் கடித்துப் பார்த்து, உப்பு தூக்கல் என்று தீர்ப்பும் சொல்லி அனுப்புவார்கள். இங்கே தட்டு போவது தீபாவளியே இல்லாத வீட்டுக்கு. ஒரு வகையில் நிம்மதி. உப்பைப் பற்றிப் பேச அவர்களுக்கு அளவுகோல் கிடையாது.

ஆனால் தட்டுக்குத் தட்டு சட்டம் உண்டு. மலாய் வீட்டுக்கு ஹலால் முக்கியம். முறுக்கில் என்ன இருக்கிறது, அரிசியும் உளுந்தும்தானே என்று பேசக் கூடாது. சுட்ட சட்டியில் இதற்கு முன் என்ன வெந்தது என்பதும் கணக்கு. விவரம் தெரிந்த வீடுகளில் இதற்கென்று தனிச் சட்டி வைத்து, ஹலால் முத்திரை போட்ட எண்ணெய்ப் பாட்டிலைத் தூக்கி எறியாமல் காட்ட வைத்திருக்கிறார்கள். சீனப் பாட்டி பௌத்தராக இருந்தால், அமாவாசையில் தொடங்கும் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம். தீபாவளி பெரும்பாலும் அமாவாசையை ஒட்டி வருவதால் முட்டை போட்ட எதையும் அன்றைக்கு நீட்டாமல் இருப்பது நல்லது.

இனிப்பு இன்னொரு வம்பு. நம்மூரில் ஒரு பலகாரத்தைப் புகழ வேண்டுமானால் "நல்லா தித்திப்பா இருக்கு" என்போம். சீன வீடுகளில் உச்சபட்சப் பாராட்டு "அவ்வளவாக இனிப்பில்லை" என்பது. பெரியம்மாவின் ரவா லட்டை வாயில் போட்டதும் பாட்டியின் கண் அகலமாவதை ரசிப்பு என்று தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் தண்ணீர் தேடுகிறார். அதனால் சிங்கப்பூரில் தீபாவளிப் போட்டியில் ஜெயித்தது முறுக்குதான். லட்டும் ஜாங்கிரியும் உறவுக்காரர் வீட்டோடு நிற்கின்றன. முறுக்கு மட்டும் அலுவலகம், பள்ளிக்கூடம், மின்தூக்கி என்று எல்லா இடமும் போகிறது. வருஷம் பூராவும் பேரங்காடியில் கிடைக்கிறது. சீனரும் மலாய்க்காரரும் அதை "முருக்கு" என்றே கேட்டு வாங்குகிறார்கள்.

அச்சு முறுக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். பெரம்பலூர், அரியலூர் பக்கம் இதற்கு இரண்டாம் பந்திதான். இங்கே ராஜா. அரிசி மாவு, தேங்காய்ப்பால், சர்க்கரை, முட்டை கலந்த கரைசல். பூ மாதிரி செய்த பித்தளை அச்சை முதலில் கொதிக்கும் எண்ணெயில் வைத்துச் சூடாக்க வேண்டும். பிறகு கரைசலில் முக்கால் உயரம் மட்டும் முக்க வேண்டும். விளிம்பைத் தாண்டி மாவு ஏறிவிட்டால் அச்சை விட்டுக் கழலாது, கத்தி வைத்துத்தான் பெயர்க்க வேண்டும். அச்சு சூடு போதாவிட்டால் மாவு ஒட்டாது. சரியாக முக்கி எண்ணெயில் வைத்து, ஓரம் சிவக்கும் நேரத்தில் மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினால் பூ தனியே மிதக்கும். இதையே மலாய்க்காரர்கள் 'குவே ரோஸ்' என்று நோன்புப் பெருநாளுக்கும், சீனர்கள் தேன்கூடு என்ற பெயரில் புத்தாண்டுக்கும் சுடுகிறார்கள். கேரளக் கிறிஸ்தவர்கள் 'அச்சப்பம்' என்று கிறிஸ்துமஸுக்குச் சுடுகிறார்கள். உச்சமாக, நார்வேயில் பனிக்குள் உட்கார்ந்துகொண்டு கிறிஸ்துமஸுக்கு இதே மாதிரி இரும்பு அச்சில், தேங்காய்ப்பாலுக்குப் பதில் மாட்டுப்பால் ஊற்றி 'ரோசெட்' பண்ணுகிறார்கள். ஏலாக்குறிச்சி மாதா கோயில் தெருக்காரர்களுக்கு இந்தச் செய்தியை அவசியம் சொல்லவும்.

தங்கும் விடுதிகளில் இருக்கும் தம்பிகளுக்கு இந்த ஆடம்பரமெல்லாம் இல்லை. செந்துறையிலிருந்தும் வேப்பந்தட்டையிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்தவர்கள், ஒரு அறையில் பலபேர், பொதுச் சமையலறையில் வரிசை. எண்ணெய்ச் சட்டி வைத்து மணிக்கணக்கில் நிற்க முடியாது என்பதால் ரவையை நெய்யில் வறுத்து லட்டுப் பிடிக்கிறார்கள். பத்து நிமிஷ அடுப்பு போதும். தீபாவளிக்கு இங்கே ஒரு நாள்தான் பொது விடுமுறை. வெடி 1972 முதலே தடை. வெடியும் இல்லை, மாமனார் வீடும் இல்லை என்றாகிவிட்ட தீபாவளியில் மிச்சமிருப்பது வாய்க்குப் போடுவது ஒன்றுதான். அந்த லட்டு மேல் அவர்கள் காட்டுகிற அக்கறையைப் பார்த்தால் அத்தைக்குச் சந்தோஷமாக இருக்கும்.

அந்த லட்டில் பதிக்கிற முந்திரிதான் அத்தைக்குச் சந்தோஷமாக இருக்காது. உலகத்தில் முந்திரிப் பருப்பை அதிகம் ஏற்றுமதி செய்வது வியட்நாம். இங்கே கடையில் கைக்கு எட்டுவது அதுதான். ஆண்டிமடத்து முந்திரிக்காட்டில் பிறந்து, பால் பட்டுக் கை பொத்துப்போகக் கொட்டை உடைத்த தாயின் பிள்ளை, சிங்கப்பூரில் வெள்ளி எண்ணிக் கொடுத்து வியட்நாம் முந்திரி வாங்கி லட்டில் குத்துகிறான். இதைத் தட்டிக் கேட்க ஆளில்லை.

ஆகவே அடுத்த முறை ஊரிலிருந்து யாராவது வரும்போது அத்தை முந்திரி கொடுத்துவிடவும், முழுசாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உடைசல் போதும். பெரியம்மா எள்ளும் அச்சு வெல்லமும், பாத்திரக் கடையில் பழைய பித்தளை அச்சு முறுக்குக் கட்டை கிடைத்தால் அதுவும் அனுப்பவும். அதிரசத்துக்கு அளவைக் கை கணக்கில் சொல்லாமல் கிராமில் எழுதவும். கொப்பரை வேண்டாம். கசகசா வேண்டவே வேண்டாம், மடித்துக் கொடுத்த பேப்பரில்கூட ஒட்டியிருக்கக் கூடாது.

போன தடவை பெரியம்மா கொடுத்தனுப்பிய எவர்சில்வர் டப்பா இரண்டும் எங்கே என்று கேட்டிருந்தீர்கள். ஒன்று எதிர்வீட்டுச் சீனப் பாட்டியிடம் இருக்கிறது, சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வரும். இன்னொன்று மலாய் அக்கா வீட்டில். வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும் பழக்கம் அவர்களுக்கும் இல்லை என்பதால், நோன்புப் பெருநாளுக்கு முன்னால் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளை